கீழே வேலை பார்த்தவர்

சிறுசேரி
3 ஜூன் 2025

அன்புள்ள தபீ,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் கிழித்துப் போடாமல் இருந்தால் முதல் நன்றி அதற்கு. வாட்ஸாப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அதனால் தபால். பேனா பிடித்துப் பல வருடமாகிறது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஜெபசீலன் எப்படி இருக்கிறார்? கெசியா இப்போது கல்லூரியில் இருப்பாள். என் அனிருத் பெங்களூரில் வேலையில் சேர்ந்துவிட்டான். மாதம் ஒரு முறை பேசுகிறான், அதுவும் துணி துவைக்கும் இயந்திரம் பற்றி.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதிதாக வந்திருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவிக்கு இறுதி மூவரில் நானும் ஒருத்தி. தேர்வுக் குழு ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கடிதங்கள் கேட்கிறது. எனக்கு மேலே இருந்தவர் ஒருவர், கூட இருந்தவர் ஒருவர், கீழே வேலை பார்த்தவர் ஒருவர். அந்த மூன்றாவது ஆள் இப்போது என் நிர்வாகத்தில் இருக்கக்கூடாதாம். யோசித்துப் பார்த்தால், என் கீழ் வேலை பார்த்துவிட்டு வெளியே போனவர்களில் என்னை உண்மையாக அறிந்தவள் நீதான்.

மறைக்க விரும்பவில்லை. 2013 தேர்வு விவகாரம் அவர்கள் கோப்பில் இருக்கிறது. 'அந்தப் பெண்மணியே எழுதினால் மிகவும் நல்லது' என்று குழுத் தலைவர் சொன்னார். ஜூன் 30-க்குள் அவர்களுக்கு நேராகப் போக வேண்டும்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டு உன் டிபன் பாக்ஸை நான் காலி செய்ததை எல்லாம் நினைத்துக்கொள். நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

என்றும் உன்
மிருதுளா


பொழிச்சலூர்
9 ஜூன் 2025

மிருதுளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். ஜெபசீலனிடம் படித்துக் காட்டினேன். "எழுதிக் குடு. நரகத்துக்குப் போறதுக்கும் இப்பல்லாம் கான்டக்ட் சர்டிபிகேட் கேக்கறாங்கபோல" என்றார்.  பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் அந்த விஷயத்தைப் பேசுவதில்லை.

'பெரிதாக எதுவும் கேட்டதில்லை' என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை, எழுதுகிறேன்.

வினாத்தாள் உறையை வெட்டும் முன்பு இரண்டு பேர் அதன் மேலுள்ள எண்ணைச் சரிபார்த்து, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நம் கல்லூரியில் நீ தேர்வுப் பொறுப்புக்கு வந்ததும் அதை மாற்றினாய். காலை எட்டரைக்கே அன்றைய நாளின் எல்லா உறைகளிலும், மத்தியான உறைகளிலும்கூட, நாங்கள் கையெழுத்தும் நேரமும் போட்டு வைத்துவிட வேண்டும். "டைம் மிச்சம்டீ, எல்லாரும் படிச்சவங்கதானே" என்றாய். நாங்களும் போட்டோம். நானும் போட்டேன், அதை மறுக்கவில்லை.

அன்று பறக்கும் படை வருகிறது என்ற பதற்றத்தில் மத்தியான உறை ஒன்றை எடுத்துக் காலையில் வெட்டியவள் நீ. நான்காம் அறைப் பெண்கள் நாற்பது பேர் கையில் மத்தியானக் கேள்விகள் பத்து மணிக்கே போய்விட்டன. அட்டெண்டர் லோகநாதன்தான் முதலில் பார்த்தார்.

"இன்னா மேடம், மத்தியானக் கட்டுல ஒரு கவரு கொறையுது. காலைக் கவரு ஒண்ணு பிரிக்காம அப்பிடியே கீது."

"சும்மா இரு லோகு."

"நான் ஒண்ணும் பாக்கல மேடம். எனக்கு ரெண்டு பொண்ணு கீது."

அவர் வெளியே போனதும் நீ கதவைச் சாத்தினாய். "தபீ, யோசிக்க நேரம் இல்ல. நீ வெட்டினேன்னு சொல்லு. லெக்சரர் செஞ்சா ஒரு வார்னிங். நான் செஞ்சா நம்ம காலேஜுக்கு எக்ஸாம் சென்டரே போயிடும். அறுநூறு பொண்ணுங்க வேற ஊர்ல போய் எழுதணும். ஆறு மாசத்துல உன் பேரை நான் சரி பண்றேன்" என்றாய். விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் வெட்டியது என்று கேட்டார்கள். நான் என்றேன்.

ஐந்து வருடம் தேர்வுப் பணிக்குத் தடை. பத்திரிகையில் பெயர். அடுத்த ஜூனில் வேலை நீட்டிப்பு இல்லை என்று நிர்வாகத்தின் முடிவு, கீழே துணை முதல்வராக உன் கையெழுத்து. இப்போது காட்டாங்குளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியை. என்னிடம் படித்த பெண் எனக்குத் துறைத் தலைவர். மரியாதையாகத்தான் நடத்துகிறாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். போன மாதம் கெசியா ஒரு காணொளி காட்டினாள். நல்ல தலைவர் ஆவது எப்படி என்று மாணவர்களுக்கு நீ பேசியது. 'என் துறையில் ஒரு பெண் பெரிய தவறு செய்துவிட்டாள். எல்லோரும் அவளைக் கைவிட்டார்கள். நான் குழுவின் முன்னால் அவளுக்காக நின்றேன். கீழே இருப்பவரின் பழியைத் தன் தோளில் வாங்குபவர்தான் தலைவர்.' பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

"அம்மா, இந்த ஆன்ட்டி சொல்ற அந்தப் பொண்ணு யாரும்மா?" என்றாள். தெரியாது என்றேன்.

கடிதம் எழுதித் தருகிறேன். ஒரு நிபந்தனை. அன்று என்ன நடந்தது என்பதை உன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. குழுவுக்குக் காட்டமாட்டேன். ஆனால் அது வராமல் நான் ஒரு வரிகூட எழுதமாட்டேன்.

தபீதாள்


சிறுசேரி
14 ஜூன் 2025

அன்புள்ள தபீ,

உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வலித்தது. வலிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய், அது உன் உரிமை.

அந்தக் காணொளியில் பெயர் சொல்லவில்லை. அப்படிப் பேசும்போது கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்ன கருத்து சரிதானே?

ஒன்று யோசித்துப் பார். அன்று நான் போயிருந்தால் சென்டர் போயிருக்கும். இன்று அந்தக் கல்லூரியில் நான்காயிரம் பெண்கள் படிக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பாதிக்கு மேல். விடுதி கட்டினேன், பேருந்து விட்டேன், பம்மலில் இருந்தும் முடிச்சூரில் இருந்தும் பெண்கள் வருகிறார்கள். பொறுப்பில் இருப்பவள் ஓர் ஆளைப் பார்ப்பதா, எல்லோரையும் பார்ப்பதா? அது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

நீ கேட்டதை இரண்டு பக்கமாகத் தட்டச்சுச் செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்னொன்று. இந்தப் பதவி கிடைத்தால் அங்கே புள்ளியியல் துறையை நான் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்குத் தலைமை தாங்க உன்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இதைப் பேரமாக நினைக்காதே.

அன்புடன்
மிருதுளா


பொழிச்சலூர்
18 ஜூன் 2025

மிருதுளாவுக்கு,

உன் இரண்டு பக்கங்களையும் திருப்பி அனுப்புகிறேன். அவற்றைப் படித்தால் கத்தரிக்கோல் தானாகவே மேசையிலிருந்து எழுந்து, தவறான உறையைத் தேர்ந்தெடுத்து, வெட்டிவிட்டுத் தானாகவே படுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. அந்த அறையில் 'சூழ்நிலை' இருந்திருக்கிறது, 'அழுத்தம்' இருந்திருக்கிறது. நீ மட்டும் இல்லை.

கையால் எழுதச் சொன்னேன். உன் துறை எனக்கு வேண்டாம். முப்பதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. எனக்கு அவசரமில்லை.

தபீதாள்


சிறுசேரி
22 ஜூன் 2025

தபீதாள்,

சரி. எழுதுகிறேன்.

உறையை வெட்டியவள் நான். எண்ணைப் பார்க்கவில்லை. மேலே உங்கள் இருவரின் கையெழுத்தும் இருந்ததால் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன். அந்தக் கையெழுத்துகளை முன்னாலேயே வாங்கி வைத்தவளும் நான்தான் என்பது வெட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பயந்தேன். ஓர் ஆளைத் தேடினேன். இன்னொரு கையெழுத்து சுகுணா மேடத்துடையது, அவருடைய கணவர் வக்கீல். நீ என் தோழி. நீ மறுக்கமாட்டாய் என்று தெரியும். அதனால் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். அறுநூறு பெண்கள் அப்போது என் மனதில் இல்லை. அந்த வாதம் கதவைச் சாத்தும்போதுதான் தோன்றியது.

நீ கேட்டது இவ்வளவுதான். ஆனால் கேட்டுவிட்டாய், முழுவதையும் வாங்கிக்கொள்.

உன் வேலையை நீட்டிக்க வேண்டாம் என்று சொன்னது நிர்வாகம் இல்லை. அவர்கள் உன்னை வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். செயலாளர், "பாவம், தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்ட பொண்ணு, விட்டுடலாம்" என்றார். நான்தான், "அவங்க இருந்தா அடுத்த இன்ஸ்பெக்ஷன்ல நமக்குச் சங்கடம் சார்" என்றேன். காரணம் அதுவல்ல. தினமும் காலையில் ஸ்டாஃப் ரூமில் நீ என்னைப் பார்த்து, "சாப்ட்டியா மிருது" என்று கேட்பாய். எப்போதும் போல. ஒரு நாளாவது நீ முறைத்திருந்தால், சண்டை போட்டிருந்தால், என்னால் உன்னோடு இருந்திருக்க முடியும். நீ கேட்ட அந்த 'சாப்ட்டியா'வை என்னால் தாங்க முடியவில்லை. உன்னை அனுப்பிய பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அப்போது வெட்கமில்லை.

மேலே போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நான் இப்படித்தான் போனேன்.

ஆறு பக்கம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்திட்டிருக்கிறேன். உனக்குத் திருப்தியா?

மிருதுளா


பொழிச்சலூர்
29 ஜூன் 2025

மிருதுளாவுக்கு,

உன்னைப் பற்றிய கடிதம் நேற்றே விரைவுத் தபாலில் குழுவுக்குப் போய்விட்டது. நகல் இணைத்திருக்கிறேன். படித்தால் உனக்கே கூச்சமாக இருக்கும். உறையை வெட்டியது நான்தான் என்றும், என் தவறால் நிறுவனத்துக்கு வந்த அவமானத்தை நீ தாங்கினாய் என்றும், உன்னைப் போன்ற தலைவரின் கீழ் வேலை பார்த்தது என் பாக்கியம் என்றும் எழுதியிருக்கிறேன். பதவி உனக்குத்தான் கிடைக்கும்.

ஏன் என்று யோசிப்பாய். என் பெயரை உன்னிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன். உன் ஆறு பக்கங்களைப் படித்த பிறகு அந்த ஆசை போய்விட்டது. பெயரை வாங்கி என்ன செய்வது? ஐம்பதாவது வயதில் நாலு பேர் 'ஐயோ பாவம்' என்பார்கள். உனக்குக் கொஞ்ச நாள் கெட்ட பெயர், பிறகு வேறு ஊரில் வேறு மேடை. அதைவிட நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். உயரமாக உட்கார வேண்டும். ஆறு பக்கங்கள் என்னிடம் இருக்கும்.

அவற்றைக் குழுவுக்குக் காட்டமாட்டேன் என்று முன்பு சொன்னேன். இப்போது அப்படிச் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். துணைவேந்தரான பிறகு யாரையாவது வேலையிலிருந்து நீக்கும் ஆணை உன் மேசைக்கு வந்தால், சின்ன ஆளோ பெரிய ஆளோ, கையெழுத்திடும் முன்பு என்ன விவரம் என்று எனக்கு எழுது. கையால் எழுது. என் பதில் வந்த பிறகு கையெழுத்திடு. போன் செய்யாதே, நேரில் வராதே. அந்தக் காணொளியையும் எடுத்துவிடு.

மற்றவரைத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைப்பது எப்படி என்று நீ மணிக்கணக்கில் பேசுகிறாய். எனக்கு இருபது நாளில் வந்துவிட்டது, உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நேற்று தபால் நிலையத்தில் இருந்து பேருந்து ஏறாமல் நடந்தே வந்தேன், அவ்வளவு தெம்பாக இருந்தது.

இனி யார் யாருக்குக் கீழே என்பதில் உனக்குச் சந்தேகம் இருக்காது.

தபீதாள்


துணைவேந்தர் அலுவலகம்
8 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய தபீதாள் அவர்களுக்கு,

பொறுப்பேற்று மூன்று வாரம் ஆகிறது. காணொளியை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன். பெண்கள் விடுதி மேலாளர் ஜெரோம் மீது முதலாண்டு மாணவிகள் இருவர் புகார் கொடுத்திருக்கிறார்கள். மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, சொல்லாமல் அறைக்குள் வருகிறார். இரண்டு முறை நடந்திருக்கிறது. துப்புரவுப் பணியாளர் ரோஸி பார்த்திருக்கிறார், எழுதியும் கொடுத்திருக்கிறார். தற்காலிக நீக்க ஆணை தயாராக மேசையில் இருக்கிறது. உடனே கையெழுத்திட வேண்டியது. தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மிருதுளா


துணைவேந்தர் அலுவலகம்
12 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய தபீதாள் அவர்களுக்கு,

எட்டாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கிடைத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. அவர் இன்னும் விடுதியில்தான் இருக்கிறார். ஒரு வார்த்தை போதும். ஒரு தபால் அட்டையில் 'சரி' என்று எழுதினால்கூடப் போதும்.

மிருதுளா


சிறுசேரி
17 செப்டம்பர் 2025

தபீ,

இன்று காலை கையெழுத்திட்டுவிட்டேன். உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜெரோமைக் காவலாளிகள் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது நாள் காத்திருந்தேன். ஏழாம் நாள் அவர் மறுபடியும் போயிருக்கிறார். அந்த இருவரில் ஒருத்தி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டாள். அவள் அப்பா கல் குவாரியில் வேலை பார்க்கிறார். என் எதிரில் உட்காரவே மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார். "பெரியவங்க நீங்க. நீங்க பாத்துப்பீங்கன்னுதான் வுட்டுட்டுப் போனோம்" என்றார். 

பொழிச்சலூர் இங்கிருந்து ஒரு மணி நேரம். வந்து உன் கதவைத் தட்டியிருக்கலாம். நீ சொல்லாமலேயே முதல் நாளே கையெழுத்திட்டிருக்கலாம். இந்த நாற்காலியை நினைத்துக்கொண்டு இரண்டையும் செய்யவில்லை.

நிர்வாகக் குழு, ஏன் ஒன்பது நாள் என்று கேட்டது. 'தாமதம் என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை' என்றேன். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நாக்கு எப்படி வறண்டுபோகிறது என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. உன்னைச் சொல்ல வைத்தேன். நீ செய்யாததற்கு.

அந்த ஆறு பக்கங்களை நீ யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பு. இனி உனக்கு எழுதிக் கேட்டுவிட்டு நான் எதையும் செய்யப்போவதில்லை.

மிருதுளா


பொழிச்சலூர்
19 செப்டம்பர் 2025

மிருதுளா,

உன் மூன்று கடிதங்களையும் நேற்று மாலைதான் பிரித்தேன். நான் ஊரில் இல்லாமல் போகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. முதல் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. துணைவேந்தர் அலுவலக முத்திரையோடு உன் கையெழுத்தில் என் பெயர் போட்ட உறை. அது பிரிக்கப்படாமல் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. நீ காத்திருக்கிறாய் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. இரண்டாவது வந்தபோது இன்னும் நன்றாக இருந்தது. கல்லூரிக்குக் கிளம்பும்போது தினமும் அந்த உறைகளை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன்.

மூன்றையும் படித்துவிட்டுச் சாதம் வைக்க எழுந்தவள், அடுப்பைப் பற்ற வைக்காமலே வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஜெபசீலன் வந்து கேட்டார். கடிதங்களை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீ ஒடனே பிரிச்சிருந்தா இன்னா எழுதியிருப்பே" என்றார். உடனே கையெழுத்துப் போடு என்றுதான் எழுதியிருப்பேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. இதையும் அதையும் குழப்பிக்கொள்ளாதே. ஆனால் உன் ஆறு பக்கங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவை என்னிடம் இருந்தால் இன்னும் சில உறைகள் பிரிக்கப்படாமல் கிடக்கும். என்னை எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

தாமதம் உன்னுடையது மட்டும் என்று குழுவிடம் சொன்னது பொய். அந்தப் பெண்ணின் வீட்டு முகவரியை அனுப்பு. அவளுடைய அப்பாவுக்கு நான் எழுத வேண்டும். என்ன எழுதுவது, எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முதல் வரியில் என் பெயர் இருக்கும்.

தபீதாள் ஜெபசீலன்